கதிர் எண்ணும் கருவியைக் கையாற் செய்வோம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வானொலிப் பெட்டி திருத்தத் தெரிந்த ஒருவர் சில மாலைப்பொழுதுகளிற் செய்துமுடிக்கக்கூடிய ஒரு கருவியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கைகர் எண்ணி என்பது அதன் பெயர். அணுக்கதிரை எண்ணுவது அதன் தொழில். அணு என்றதும் அது வல்லரசுகளுக்குரிய பொருள், நமக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். 1904 ஆம் ஆண்டில், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பகுதியிலிருந்து பாரமான கரிய கனிப்பொருளொன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆம், பிற்காலத்திற் கீழைத்தேயக் கலையின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு விளக்கிய அதே குமாரசுவாமிதான். சர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர். தோரியனைற்று எனப் பின்னர் பெயர் பெற்ற அந்த இலங்கைக் கனியை ஆராய்ந்துதான் 1905 இல், இலண்டனில், ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்னும் புதிய கதிர்ப்பொருளைக் கண்டறிந்தார். 1938 இல் யுரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவரும் அதே ஹான்தான். ஆகவே அணுவின் சரித்திரத்தில் நம் தீவு புதிதாக நுழைய வேண்டியதில்லை.

ஆயினும் இக்கருவி நமக்கு ஏன் வேண்டும்? இதற்கு விடை யப்பானிலே இருக்கிறது.

2011 மார்ச் 11 இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புக்குசிமா அணு நிலையத்தைத் தாக்கின. மறுநாள் மாலை, நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீற்றருக்குள் இருப்போர் வெளியேறவேண்டுமென்று அரசாங்கம் ஆணையிட்டது. தேசப்படத்தில் வட்டம் வரைவது எளிது. காற்று வட்டத்தை அறியாது. நமியே என்னும் நகரத்தவர் ஆயிரக்கணக்கானோர் வடமேற்கேயுள்ள சுசிமா என்ற பகுதிக்குச் சென்று தங்கினர். கதிர்ப்பொருளைச் சுமந்த காற்றும் அந்தத் திசையிலேதான் சென்றது. காற்று எத்திசையிற் செல்லக்கூடுமெனக் கணித்துச் சொல்லும் ஏற்பாடு அரசாங்கத்திடம் இருந்தது. அக்கணிப்பு மக்களுக்கு வெளியிடப்பட்ட நாள் மார்ச் 23! இன்னும் வடமேற்கே இருந்த இயிதாத்தே, மாடு வளர்த்தும் நெல் விளைவித்தும் வாழ்ந்த கிராமம். வட்டத்துக்கு வெளியே இருந்ததால், அங்குள்ளோர் வெளியேறவேண்டுமென்று ஏப்ரல் 22 இலேதான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதுவரை அந்த உழவர்கள் தம் மண்ணிலேயே நடமாடினர். மண் முன்போலவே இருந்தது. மணத்தில் மாற்றமில்லை, நிறத்தில் மாற்றமில்லை.

அப்போது கடைகளிற் கைகர் எண்ணி கிடைக்கவில்லை. தொண்டர் சிலர் ஒன்றுகூடித் தாமே கருவிகளைப் பொருத்தினர். மோட்டார் வண்டியின் பக்கத்திற் கட்டி, ஐந்து வினாடிக்கொரு முறை கதிரின் அளவையும் இடத்தையும் பதியச் செய்து, தெருத்தெருவாக ஓடினர். சேஃப்காஸ்ற் என்னும் அவ்வியக்கம் திரட்டிய அளவீடுகள் எவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அரசாங்கம் பொய் சொல்கிறது என்று கூவுவதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. அரசாங்கம் சொல்வதைச் சரிபார்க்க ஓர் எண் தம் கையில் இருக்கவேண்டுமென்று கருதினார்கள். அரசியலில் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதைப் போன்றதொன்றுதானே!

இனிக் கருவிக்கு வருவோம். அதன் உயிர் ஒரு குழாய். 1908 இல் மன்செஸ்ரரில் றதர்போர்ட்டும் கைகரும் இதன் முதல் வடிவத்தைச் செய்தனர். 1928 இற் கைகரும் அவர் மாணவர் முல்லரும் அதைச் செம்மையாக்கினர். உலோகக் குழாயினுள் நடுவே மெல்லிய கம்பி. சுற்றிலும் அமுக்கங் குறைந்த வாயு. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தம் நிற்கும். ஒரு கதிர் உள்ளே புகுந்து வாயுவின் அணுவொன்றிலிருந்து இலத்திரனைப் பெயர்த்துவிட்டால், அது கம்பியை நோக்கி விரைந்து, வழியில் மேலும் பல இலத்திரன்களைப் பெயர்க்கும். அந்தச் சிறு மின்துடிப்பே "டிக்" என்று நாம் கேட்கும் ஓசை.

குழாயை வீட்டிற் செய்ய முயலவேண்டாம், விலைக்கு வாங்குங்கள். பழைய சோவியத் நாட்டிற் செய்யப்பட்ட எஸ்.பி.எம். 20 என்னும் குழாய் கைத்தொழிலாளர் பலர் விரும்புவது. ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் நீளம். 400 வோல்ற்று வேண்டும். 9 வோல்ற்றுப் பெற்றறியிலிருந்து 400 வோல்ற்றை எடுப்பது எவ்வாறு? கம்பிச் சுருளொன்றில் ஓடும் மின்னைத் திரான்சிற்றரால் விரைவாக வெட்டி வெட்டி விட்டால், ஒவ்வொரு வெட்டிலும் சுருள் உயரழுத்தத்தை உதைத்து எறியும். அதை இருவாயியின் வழியாகக் கொள்ளளவியிற் சேர்த்துவைக்கலாம். அங்கிருந்து 5 மெகாஓம் அளவான தடையினூடாகக் குழாயின் கம்பிக்குக் கொடுங்கள். இத்தடையைத் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தாற் குழாய் கெடும். இயங்கும்போது உள்ளே கை வைப்பதும் கூடாது.

இங்கே பலர் இடறும் இடமொன்றுண்டு. சாதாரண மின்மானியால் அந்த அழுத்தத்தை நேரே அளந்தால், மானியே மின்னை உறிஞ்சி, 400 இருக்குமிடத்தில் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி அழுத்தத்தை மேலும் உயர்த்துவோர் குழாயைக் கொன்றுவிடுகின்றனர். மானியின் உட்தடை 10 மெகாஓம் ஆயின், அதனோடு தொடராக 1,000 மெகாஓம் தடையைச் சேர்த்து, காட்டும் எண்ணை 101 ஆற் பெருக்குக.

கருவி இயங்குகிறதா என்று பார்க்க அணுகுண்டு வேண்டியதில்லை, உரமூட்டை போதும்! எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பொற்றாசியக் குளோரைட்டு உரத்தில் இயற்கையான கதிர்ப்பொருள் உண்டு. ஒரு கிராமில் வினாடிக்கு ஏறக்குறைய 16 அணுக்கள் சிதைகின்றன. அஞ்சற்க, நம் உடம்பிலுள்ள பொற்றாசியத்திலும் வினாடிக்கு நாலாயிரத்தையொட்டிய அணுக்கள் சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன.

எண்ணிக்கையைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். கதிர்கள் ஒழுங்காக வருவதில்லை. ஒரு நிமிடத்தில் 25 எண்ணினால், அதன் வர்க்கமூலமாகிய 5 அளவுக்கு அது தானாகவே ஏறியிறங்கும். 20 ஆயினும் 30 ஆயினும் பொருளில்லை. நூறு நிமிடம் எண்ணி 2,500 பெற்றால், தடுமாற்றம் 50 மாத்திரமே, நூற்றுக்கு இரண்டு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஊரைக் கலக்குபவரிடம் கருவியைக் கொடாதீர்கள்.

விவசாய நண்பர்கள் கேட்கக்கூடும், நெல்லை இதனால் அளக்கலாமா என்று. இயலாது. உணவுக்கு யப்பான் விதித்த எல்லை கிலோவுக்கு 100 பெக்கரல். அத்துணைச் சிறிய அளவை இக்குழாய் காணாது. அதற்கு ஈயக் கவசமிட்ட வேறு கருவி வேண்டும். புக்குசிமா மாகாணத்தார் 2012 முதல் அத்தகைய கருவிகளால் தம் நெல்லை மூட்டை மூட்டையாகச் சோதித்தனர். முதலாண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மூட்டைகளில் எல்லை கடந்தவை நூறுக்கும் குறைவு. 2015 விளைச்சலில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் எண் இருந்தமையாலேதான் அவ்வுழவர்கள் சந்தையில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

நாம் செய்யவேண்டியது யாது? இப்போதே அளந்து எழுதிவைப்பது. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. அதிலே தோரியம் இருக்கிறது. கடலுக்கு அப்பால் மணவாளக்குறிச்சியிலும் அவ்வாறே. அத்தகைய மணலில் எண்ணி விரைந்து ஒலித்தால் அது இயற்கை. எவருடைய குற்றமும் அன்று. அந்தப் பக்கத்திலேதான் கூடங்குளத்தின் முதல் உலை 2013 இல் மின் வழங்கத் தொடங்கியது. நாளை ஏதேனும் வதந்தி எழுந்தால், அல்லது வதந்தி எழாமல் ஏதேனும் நிகழ்ந்தால், நேற்றைய எண் இல்லாதவனுக்கு இன்றைய எண்ணாற் பயனில்லை. பாடசாலைக்கு ஒரு கருவி, ஒரு கொப்பி. திகதி, இடம், மழையா வெயிலா, எத்தனை நிமிடம், எத்தனை எண்ணிக்கை. இடத்தையும் குழாயையும் மாற்றாது வாரந்தோறும் எழுதுக. மழை பெய்யும் வேளையிற் சிறிது கூடும். காற்றிலுள்ள றேடனின் சிதைவுப்பொருள்களை மழை நிலத்துக்குக் கொணர்வதே காரணம். அதையும் குறிக்க.

மேசைமேல் இருக்கும் கருவியை இப்போது இயக்குகிறேன். முதலிற் பத்து நிமிடம் வெறுமனே எண்ணுவோம். பின்னர் அந்த உரப்பையை அருகே வைத்துப் பத்து நிமிடம். முன் வரிசையிலுள்ள தம்பி, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.