கோர்ட் சொன்ன குறை என்ன?

 

‘கோர்ட் தடுத்துவிட்டது, இனி என்ன இருக்கிறது?’ என்று சோர்ந்து போகும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ‘சட்டசபையில் நம் ஆள் இருந்தால் போதும், கோர்ட் எதற்கு?’ என்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டு பேச்சும் தவறு.

நம் மாநிலத்துக் கதையையே கேளுங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. என்ற அரசாணை இருந்தது. அதன்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 1 இடம் முஸ்லிம்களுக்கு. 1951 ஏப்ரல் 9ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. (வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் அம்மையார் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது வேறு விஷயம்!) தீர்ப்பிலேயே ஒரு தகவல் இருந்தது. வேலைவாய்ப்பில் பிற்பட்டோருக்கு ஒதுக்க 16(4) இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கைக்கு அப்படி ஒரு விதி இல்லை என்று நீதிபதிகளே சுட்டிக்காட்டியிருந்தார்கள். பெரியார் போராட்டத்தில் இறங்கினார். ஜூன் மாதமே பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி 15(4)ஐச் சேர்த்தது. ஆனால் அந்த 14ல் 1 திரும்பி வரவில்லை. சமூக, கல்வி நிலையில் பின்தங்கியவர் என்ற பெயரில்தான் இனிக் கேட்க முடியும் என்றாகிவிட்டது.

1992ல் மண்டல் வழக்கில் 50 சதவீத எல்லை வந்தது. தமிழகத்திலோ 69. சட்டசபை தனிச் சட்டம் இயற்றியது, பாராளுமன்றம் 1994ல் அதை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அங்கே வைத்தால் கோர்ட் தொடாது என்று எண்ணினார்கள். 2007 ஜனவரியில் 9 நீதிபதிகள் கூடி, 1973 ஏப்ரல் 24க்குப் பின் அதில் சேர்த்த எந்தச் சட்டமானாலும் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று பார்ப்போம் என்றார்கள்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கல்லாவில் இருப்பவரே கணக்கும் எழுதினால் கடை என்னாகும் என்று உங்களுக்குத் தெரியாதா? தடுக்க ஆளில்லாத பெரும்பான்மை நாளை நம் உரிமையிலேயே கை வைத்தால் எங்கே போவோம்?

அதே 2007ல் தமிழக அரசு நமக்கு 3.5 சதவீதம் ஒதுக்கியது. 69க்கு மேல் கூட்டாமல், பிற்பட்டோரின் 30க்குள்ளேயே, லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என 7 பிரிவுகளைப் பெயர் சொல்லிக் கொடுத்தது. ஆந்திராவில் 2005ல் 5 சதவீதம் கொடுத்த சட்டமோ உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. மொத்தம் 50ஐத் தாண்டியது, பின்தங்கிய நிலையை முறையாக ஆராயவில்லை என்றார்கள்.

மேடையில் சதவீதத்தைக் கூட்டிக் கேட்பதற்கு முன் ஜமாஅத் ஜமாஅத்தாகக் கணக்கெடுங்கள், தம்பிகளே. எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள், எத்தனை பேர் அரசு வேலையில், எத்தனை பேர் சாதிச் சான்றிதழே வாங்கவில்லை? ஏடும் பேனாவும் அலைச்சல் செலவும் வியாபாரிகள் பொறுப்பு. சட்டசபையில் பேசுகிறவருக்கும் கோர்ட்டில் வாதாடுகிற வக்கீலுக்கும் அந்த ஏடு வேண்டும்.