பாராட்டு மட்டும் போதுமா?

(செவிலியர் நாள் கூட்டத்தில் நம் பங்கின் செவிலியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த மே 12-ஆம் நாளில் எங்களைப் பேச அழைத்தமைக்கு நன்றி. பூம்புகார்க் கரையில் பிறந்து, சீர்காழியிலும் மயிலாடுதுறையிலும் தஞ்சையிலும் நோயாளரிடையே பணிபுரியும் உங்கள் வீட்டுப் பெண்கள் நாங்கள். "வேலை கொடுத்தவர்கள் உங்களை நன்றாக வைத்திருக்கிறார்களா?" என்று நீங்கள் கேட்பதுண்டு. இன்று மனம் திறந்து சொல்கிறோம்.

பாராட்டுக்குக் குறைவில்லை. கொரோனாக் காலத்தில், 2020 மே 3-ஆம் நாள், விமானப் படையினர் மருத்துவமனைகளின் மீது மலர் தூவினார்கள், மகிழ்ந்தோம். ஆனால் அக்காலத்தில் தமிழக அரசு ஒப்பந்தத்தில் அமர்த்திய செவிலியருள் 2,000-க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு பணியிழந்தனர். மாற்றுப் பணி தருவதாகப் பின்னர்க் கூறப்பட்டது. அதற்கு முன்பே, 2015-இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் ரூ. 7,700 தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடிப் போராடிய பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

தனியார் மருத்துவமனைகளுக்காக, 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் ரூ. 20,000-க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. எங்களில் சிலர் அத்தொகையை இன்னும் கண்டதில்லை.

ஊதியம் ஒருபுறம் இருக்கட்டும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளருக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் நெறி. எங்களில் ஒருவர் ஓர் இரவு முப்பது பேருக்குத் தனியாக நின்றார். ஊசி போடத் தாமதமாயிற்று என்று நோயாளியின் உறவினர் கை ஓங்கினார். மறுநாள் மேலிடத்திலிருந்து, "என்னம்மா நடந்தது?" என்று ஒரு சொல் வரவில்லை, விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. ஓங்கிய கைக்கு அழாதவர், அந்தத் தாளைக் கண்டு அழுதார்.

வேறோர் இடத்தில் மேட்ரன் அம்மா ஒருவர், இரவுப் பணி முடித்தவளிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்டு, அடுத்த வாரமே அந்த வார்டுக்கு இன்னொருத்தியையும் அனுப்பினார். சம்பளம் கூடவில்லை, ஆயினும் அங்கிருந்து விலக யாருக்கும் மனம் வரவில்லை.

பெருமக்களே, 'சேவை' என்ற தூய சொல் குறைந்த கூலிக்குப் போர்வையாகக் கூடாது. நம் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். நீங்கள் நோயாளியைக் காண வரும்போது, இரவில் அந்த வார்டில் எத்தனை செவிலியர் என்று நிர்வாகத்தாரைக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் செவிசாய்ப்பார்கள். எங்களுக்கு நீங்கள் தரும் மாலையினும் அக்கேள்வி பெரிது.