தீப மலைக்கு 6 யூனிட் கரண்ட்: பவர் கணக்கு ஒரு தடவை புரிஞ்சா போதும்

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு ஃபார்முலாதான். திறன் = வேலை ÷ நேரம். ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், பரீட்சையில எழுதியிருப்போம். ஆனா அது என்ன சொல்லுதுன்னு கேட்டா பாதிப்பேர் முழிப்போம். அதுக்குக் காரணம் நம்ம மூளை இல்ல, அந்த வார்த்தைதான். கரண்ட் போனா 'பவர் கட்'. கண்ணாடிக்கு 'பவர்' ஏறிடுச்சு. மந்திரிக்கு 'பவர்' ஜாஸ்தி. தமிழ்ல 'திறன்'னு போட்டா திறமைன்னு நினைச்சுக்கறோம். இயற்பியல்ல இதுக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்குது. ஒரு நொடிக்கு ஒரு ஜூல் வேலை நடந்தா, அது ஒரு வாட்.

இதைப் புரிஞ்சுக்க திருவண்ணாமலையை விட நல்ல லேப் கிடையாது.

அண்ணாமலை உச்சி கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 800 மீட்டர். ஊரே கொஞ்சம் மேட்டுலதான் இருக்கு. அதனால அடிவாரத்துல இருந்து ஏறுற உயரத்தை கணக்குக்காக 600 மீட்டர்னு வச்சுக்கலாம். 60 கிலோ எடை உள்ள ஒருத்தர் ஏறுறார். வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 60 × 9.8 × 600 = 3,52,800 ஜூல்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும், நடக்கிற தூரம் 600 மீட்டரை விட ரொம்ப அதிகம். அது இந்தக் கணக்குல வராது. புவியீர்ப்புக்கு எதிரான வேலைக்கு செங்குத்து உயரம் மட்டும்தான் கணக்கு. கேள்வியில பாதையோட நீளத்தையும் சேர்த்துக் குடுத்து குழப்புவாங்க, உஷாரா இருங்க.

இப்போ நேரம். 2 மணி நேரத்துல ஏறினா 7,200 நொடி. 3,52,800 ÷ 7,200 = 49 வாட். ஒரு மணி நேரத்துல ஓட்டமா ஏறினா 98 வாட். 4 மணி நேரம் உக்காந்து உக்காந்து ஏறினா 24.5 வாட். வேலை மூணுலயும் ஒண்ணுதான், அதை மலை தீர்மானிக்குது. திறனை நீங்கதான் தீர்மானிக்கிறீங்க.

49 வாட்னா ஒரு சின்ன ஃபேன் அளவுதானேன்னு தோணும். ஆனா நம்ம தசை, சாப்பாட்டுல இருந்து எடுக்கிற ஆற்றல்ல கிட்டத்தட்ட கால்வாசியைத்தான் வேலையா மாத்தும். மீதி முக்கால்வாசி வெப்பம். அதாவது வெளிய 49 வாட் தெரியணும்னா உள்ள 200 வாட் எரியணும். அந்த 150 வாட் சூட்டை வெளியேத்தத்தான் அவ்வளவு வியர்வை. இதயம் திணறுறது மொத்த வேலையால இல்ல, இந்த நொடிக்கு நொடி கணக்கால. வீட்ல தாத்தா பாட்டியோட எந்தக் குன்றுக் கோயிலுக்குப் போனாலும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க. வேகத்தைப் பாதியாக்கினா இதயத்து மேல இருக்கிற அந்தக் கூடுதல் சுமையும் பாதியாகுது. ஏறுறப்போ பேச முடியலைன்னா, பவர் அதிகமா போகுதுன்னு அர்த்தம். நின்னு போங்க.

அடுத்தது நெய். கார்த்திகை தீபத்துக்கு 3,500 கிலோ நெய் மேல போகுதுன்னு கணக்குக்காக வச்சுக்கலாம். கொப்பரையைத் தோள்ல சுமந்துதான் ஏத்துறாங்க. நெய்யும் ஆள் சுமைதான். அந்த நெய்யை மட்டும் தூக்குற வேலை எவ்வளவு? 3,500 × 9.8 × 600 = சுமார் 2.06 கோடி ஜூல். ஈபி பில்லுல வர்ற ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்க. 5.7 வரும். 3,500 கிலோ நெய்யையும் உச்சிக்கு ஏத்த 6 யூனிட் கரண்ட்கூட வேண்டாம்! எந்த இழப்பும் இல்லைன்னா, வீட்டுக்குத் தண்ணி ஏத்துற ஒரு ஹெச்பி மோட்டார், அதாவது 746 வாட், ஏழே முக்கால் மணி நேரத்துல முடிச்சிடும்.

அப்போ சுமக்கிறவங்களுக்கு ஏன் அவ்வளவு கஷ்டம்? ஒருத்தர் 60 கிலோ, சுமை 25 கிலோன்னு வைங்க. அவர் தன்னையும் சேர்த்துத்தானே தூக்கணும். 85 × 9.8 × 600 = 4,99,800 ஜூல். 3 மணி நேரம் எடுத்துக்கிட்டா 46 வாட். வெறும் கையோட 2 மணி நேரத்துல ஏறினவரோட 49 வாட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு பாருங்க. உடம்பு தன்னோட வாட்டை ஏறக்குறைய அப்படியே வச்சுக்கிட்டு, நேரத்தை நீட்டிக்குது. யாரும் சொல்லிக்குடுக்காம, சுமை தூக்குறவங்க எல்லாரும் செய்யறது இதைத்தான். அந்த 46 வாட்டுல நெய்க்குப் போய்ச் சேர்றது 14 வாட்டுக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு எல்இடி பல்பு அளவு. அதுக்கு அவர் உடம்புல எரியறது சுமார் 480 கிலோகலோரி. ஒரு இட்லி 50 கிலோகலோரின்னா, ஒன்பது பத்து இட்லி. அப்படி 140 சுமை போகணும்.

அடுத்து, எரியறப்போ என்ன ஆகுது? ஒரு கிலோ நெய்ல சுமார் 9,000 கிலோகலோரி, அதாவது 3.76 கோடி ஜூல் இருக்கு. திரும்ப மேல பாருங்க. மொத்த நெய்யையும் தூக்க ஆன வேலை 2.06 கோடி ஜூல். அரை கிலோவுக்குச் சற்றே கூடுதலான நெய்ல இருக்கிற ஆற்றல் அவ்வளவுதான்! தீபம் 11 நாள் எரியும். ஒரு இரவுக்கு 12 மணி நேரம்னு வச்சு, மொத்த நெய்யும் முழுசா எரிஞ்சா சராசரி திறன் சுமார் 275 கிலோவாட். வீட்டு காஸ் அடுப்புல ஒரு பெரிய பர்னர் 2.5 கிலோவாட்னா, 110 பர்னரை ஒண்ணா கொளுத்தி வச்ச மாதிரி. அதுல பெரும்பகுதி சூடு, கொஞ்சம்தான் வெளிச்சம். அந்தக் கொஞ்சமே சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியுது.

இன்னொரு ஃபார்முலா இருக்கு: திறன் = விசை × வேகம். இதுக்கு ஏழாம் நாள் தேரோட்டத்துக்கு வாங்க. ஒருத்தர் வடத்தை 100 நியூட்டன் விசையில இழுக்கிறார், தேர் நொடிக்கு அரை மீட்டர் நகருதுன்னு வைப்போம். 100 × 0.5 = 50 வாட். 1,000 பேர் இழுத்தா 50 கிலோவாட், அதாவது 67 ஹெச்பி. மலை ஏறினப்பவும் ஒருத்தருக்கு 50 வாட் பக்கத்துலதான் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? இப்போ தேர் ஒரு திருப்பத்துல மாட்டிக்கிச்சு. ஆயிரம் பேரும் மூச்சைப் பிடிச்சு இழுக்கிறாங்க, அசையல. வேகம் பூஜ்ஜியம், அதனால தேருக்குப் போற திறனும் பூஜ்ஜியம். கை வலிக்கும், வியர்க்கும், தசைக்குள்ள ஆற்றல் எரியும். ஆனா தேர் மேல எந்த வேலையும் நடக்கல. 'விசை இருந்தும் வேலை பூஜ்ஜியம், எப்படி?'ன்னு கேட்டா இந்த உதாரணத்தை எழுதுங்க.

பரீட்சை எழுதப் போற தம்பி தங்கச்சிகளுக்கு மூணே விஷயம். ஒண்ணு, நிமிஷம், மணி எல்லாத்தையும் நொடிக்கு மாத்துங்க. ரெண்டு, கிலோகிராமை அப்படியே உயரத்தால பெருக்காதீங்க, 9.8 வேணும். மூணு, கிலோவாட் திறனோட அலகு, கிலோவாட் மணி ஆற்றலோட அலகு. ஈபிக்கு நாம காசு கட்டுறது ஆற்றலுக்கு.

இதைச் சோதிக்க யாரும் அண்ணாமலை ஏற வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்னைக்கு அங்க நடந்த மண்சரிவுல 7 பேர் இறந்தாங்க. அந்த வருஷம் தீபத்தன்னைக்கு பக்தர்களுக்கு மலை ஏற அனுமதியே இல்ல. உங்க அப்பார்ட்மென்ட் மாடிப்படி போதும். மூணு மாடி, மொத்தம் 9 மீட்டர்னா, 60 கிலோ ஆளுக்கு 5,292 ஜூல். 30 நொடியில ஏறினா 176 வாட். 12 நொடியில ஓடினா 441 வாட், அரை ஹெச்பிக்கு மேல! ஆனா அந்த அரை ஹெச்பி எத்தனை நொடிக்குத் தாங்குதுன்னு பாருங்க. குதிரைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் தெரியும்.

உயரம், எடை, நேரம் மூணையும் குறிச்சு உங்க வாட்டை கணக்குப் போட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் பார்ப்போம். வரட்டா மக்களே.