பிரசவ அறையும் தாதியர் கடமையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்து மூதாட்டியர் தலைமுறை தலைமுறையாய் மருத்துவச்சிகளாய் நின்று ஊரார் பிள்ளைகளைக் கையிலேந்தினர். அக்கைகளுக்கு ஊர் அளித்த மரியாதை எத்தகையதென்பதை யான் ஈண்டு விரிக்கப் புகுந்தேனில்லை.

இக்காலத்தே தமிழ்நாட்டுப் பிரசவங்கள் ஏறக்குறைய யாவும் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. உயிர்ச்சேதம் அதனாற் பெரிதுங் குறைந்தது. ஆயின், நோவெடுத்த பெண்ணைத் தனியே மல்லாத்திக் கிடத்தி, ‘கத்தாதே’ என்றதட்டுதல் எச்சாஸ்திரத்திற் கண்டது? அவள் விரும்பியவர் உடனிருத்தலையும், தனக்கிசைந்த நிலையிலிருந்து பெறுதலையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் ஆதரித்துளது. குந்தவைத்து முதுகு தாங்கிய நம் பாட்டிமார் செய்ததும் அதுவேயன்றோ!

வளைகாப்பு வளையலைக் கழற்ற வேண்டுமேல், காரணஞ் சொல்லித் தாயார் கையாற் கழற்றுவிக்க. சேனை வைத்தலோ வேறு. சீம்பாலைப் பீய்ச்சியெறிந்து சர்க்கரை நீர் புகட்டும் வழக்கத்தை யான் ஆதரியேன். முதல் ஒரு மணி நேரத்துள் சேய்க்குத் தாய்ப்பாலே உரியது. எனினும், சேனை வைத்தவர் குணம் சேய்க்கு வருமென்று நம்பி வந்த கிழவியை நகையாது, பாலுண்ட குழந்தையை அவள் மடியிற் கிடத்துக.

மருத்துவச்சியாயிருந்த மூதாட்டியர் சிலர் நம் இல்லங்களில் இன்னும் உளர். தாதித் தொழில் பயிலும் நம் பெண்கள் அவர்களைக் கண்டு, கேட்டெழுதி வருவாராக.