மழையும் ஆட்டமும் நாமும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குறளும் சிலம்பும் முழங்கிய இம்மேடையில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவத்தை நெறிக்கக் கூடும். நெறிக்கட்டும். சித்திரை, வைகாசித் திங்களில் அந்தி சாய்ந்தபின் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரை நம் லைன் வீடுகளின் வழியே நடந்து பார்த்தவர்களுக்கு, அங்கே எழும் ஒலி எதுவென்று தெரியும். ஒரு வீட்டிலிருந்து எழும் “ஐயோ!” என்னும் ஓலம் அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அதே நொடியில் எழுகின்றது. தமிழர் இத்துணை ஒற்றுமையாய்க் குரல் கொடுக்கும் செயல் வேறொன்றிருப்பின், அதைப் பற்றிப் பேசியிருப்போம்.

பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸ் அணி 2008-ஆம் ஆண்டில் தோன்றியது. 2009-இல் இறுதியாட்டத்தை எட்டி, ஜோகனஸ்பர்க் நகரில் ஆறே ஓட்டத்தில் தோற்றது. 2011-இல் மீண்டும் எட்டியது. சேப்பாக்கத்தில் சென்னை அணி 58 ஓட்டத்தில் வீழ்த்தியது. 2016-இல் சொந்த ஊரிலேயே ஐதராபாத்திடம் எட்டு ஓட்டத்தில் கோப்பையை இழந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம் முன்னோர் வழக்கு. இவ்வணிக்கு அது மும்முறை பொருந்திற்று.

இவர்களை நாம் ஏன் பற்றி நிற்கிறோம்? சென்னை அணி இருக்கத் தங்கவயல் தமிழனுக்குப் பெங்களூர் அணியிடம் என்ன உறவு என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்பதுண்டு. கேள்வி நேர்மையானது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதி நாளில் சுரங்கம் மூடப்பட்டபின், நமக்குச் சோறு வந்த வழி பெங்களூர் வழியே. மாரிகுப்பத்தில் இருள் பிரியுமுன் புறப்படும் தொடர்வண்டியில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் எனச் சிறு நிலையங்களில் மேலும் மேலும் ஆள் நிறைத்துக்கொண்டு, பங்காருப்பேட்டை கடந்து பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புவோர் நம்மில் பல்லாயிரவர். அந்தப் பெட்டியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்கின்றன. அங்கே எல்லாரும் பேசும் பொருளில் நாம் மட்டும் வாய் மூடியிருத்தல் இயலுமா?

எனினும் வீடுகள் இரண்டுபட்டிருந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தந்தை சென்னைப் பக்கம், மகன் பெங்களூர்ப் பக்கம், தாயார் இருவருக்கும் காப்பி கொடுக்கும் நடுநிலைப் பக்கம். இந்நிலையில் 2016, 2017 ஆகிய இரண்டாண்டுகளுக்குச் சென்னை அணி விலக்கி வைக்கப்பட்டது. சென்னைப் பக்கம் நின்றவர்களுக்குப் பின்தொடர அணியே இல்லாது போயிற்று. அவர்களுட் சிலர் வேண்டா வெறுப்பாக மகனருகில் வந்து அமர்ந்த ஆண்டே 2017. வந்தமர்ந்த நேரம்தான் சரியில்லை!

அவ்வாண்டின் கதையை இளைஞர்கள் மறந்திருக்கக் கூடும். ஆதலின் சற்று விரித்துரைப்போம். ஏப்ரல் 14-ஆம் நாள் மும்பைக்கு எதிராக நம் அணி எடுத்தது 142. போதாது என்று அனைவரும் தலையசைத்தனர். ஆனால் சாமுவேல் பத்ரி என்னும் மேற்கிந்தியச் சுழற்பந்து வீரர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். மும்பை ஏழு ஓட்டத்துக்கு நால்வரை இழந்து நின்றது. பின்னர் பொல்லார்டு ஒருவரே 70 எடுத்து ஆட்டத்தைப் பறித்துச் சென்றார். குறைந்த ஓட்டமுள்ள ஆட்டத்தின் கொடுமை இதுவே. இருநூறு எடுத்துத் தோற்றால் மனம் எளிதில் ஆறிவிடும். 142-ஐக் காக்கும்போது ஒவ்வொரு பந்திலும் நம்பிக்கை தளிர்க்கும், அடுத்த பந்தில் கருகும். இரவு முழுவதும் இப்படியே.

ஏப்ரல் 23-இல் கொல்கத்தாவில் நம்மவர் எதிரணியை 131-இல் சுருட்டினர். வெற்றி வீட்டு வாசலில் நின்றதென்றே எண்ணினோம். பத்து ஓவர் முடியவில்லை. 49 ஓட்டத்துக்கு அனைவரும் ஆட்டமிழந்தனர். பதினொருவரில் எவரும் இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. கேதார் ஜாதவ் எடுத்த 9 ஓட்டமே தலைசிறந்த எண்ணிக்கை. விராட் கோலி முதற்பந்திலேயே வெளியேறினார். வியப்பு யாதெனில், நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013-இல், இதே ஏப்ரல் 23-ஆம் நாளில்தான் கிறிஸ் கெயில் தனியொருவராய் 175 அடிக்க, இதே அணி 263 குவித்திருந்தது. நாளும் கோளும் பார்ப்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் கூறுவரோ!

இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் ஆட்டம். 49-இன் அவமானத்தைக் கழுவிக்கொள்ளலாமென்று நாம் காத்திருக்க, வானமே கழுவிவிட்டது. நாணயம் சுண்டப்படாமலே ஆட்டம் கைவிடப்பட்டது. ஆளுக்கு ஒரு புள்ளி. மீண்டும் இரண்டு நாளில் குஜராத் அணியிடம் 134-க்குச் சுருண்டு தோல்வி. அடுத்துப் புனேயில் 96. அதில் 55 கோலியுடையது. மும்பையில் ஒரு தோல்வி. பெங்களூருக்கு மீண்டு வந்து, 139 எடுத்தால் வெற்றி என்றிருக்க, 119-இல் நின்றனர். கொல்கத்தாவிடம் மறுபடி தோல்வி. இவ்வாறு ஏப்ரல் 23 முதல் மே 7 வரை ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி, ஒரு மழை. அந்த மழையில் கிடைத்த ஒற்றைப் புள்ளியே அப்பதினைந்து நாளின் முழு வருவாய். தரவரிசையில் கடைசி இடம்.

மழையைப் பற்றி ஒரு சொல். சித்திரையில் மாலை நேரத்து மேகம் திரளும்போது, ஆட்டம் பார்ப்பவர் முகம் சுருங்கும். சீனிவாசபுரம் பக்கத்து மாந்தோப்புக்காரர் முகம் மலரும். அதற்கு மாம்பழ மழை என்றே பெயர். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டம் நம்முடையது. பாலாற்றில் கட்டிய பேத்தமங்கலம் ஏரிதான் தங்கவயலுக்கு நீரூட்டிற்று. ஏரியின் அடியில் வெடித்த மண்ணைக் கண்டவர்கள் நாம். ஆதலின் ஆட்டத்தைக் கெடுத்த மழையை முழு மனத்தோடு ஏச நம்மால் முடிந்ததில்லை. பாதி மனத்தோடு ஏசினோம்.

பெங்களூர் ஆடுகளத்தின் புற்றரைக்கு அடியில் 2017-இல் ஓர் ஏற்பாடு அமைத்தனர். மண்ணுக்குள் புதைத்த குழாய்களின் வழியே எந்திரங்கள் நீரை உறிஞ்சி வெளியேற்றும். மழை விட்ட சிறிது நேரத்தில் தரை ஆட்டத்துக்கு ஆயத்தமாகிவிடும். நகரத்தார் இதைப் பெரும் புதுமையென்று வியந்தனர். நம் முதியவர்களுக்கு இதில் வியப்பில்லை. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலிருந்து இரவு பகலாக நீரை இறைத்த கைகள் அவர்களுடையவை. இறைப்பதை நிறுத்தினால் என்னவாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2001-க்குப்பின் சுரங்கங்கள் நீரால் நிறைந்துவிட்டன. எந்திரம் எவ்வளவு இருந்தும், மழை விடாது பெய்தால் வழியில்லை என்பதை 2017-இன் அந்த இரவு காட்டிற்று. ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஓவராவது வீச நேரம் எஞ்சினால்தான் ஆட்டம்.

இன்னொன்றையும் இங்கே கூறியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சித்திரைக்கு ஏழு திங்கள் முன்னர், 2016 செப்டம்பரில், காவிரிச் சிக்கலில் பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அந்நாட்களில் தொடர்வண்டியில் சென்ற நம்மவர் கைப்பேசியில் வீட்டாரோடு தாழ்ந்த குரலில் பேசினர், சிலர் பேசவேயில்லை. 1902-இல் சிவசமுத்திரத்தில் அதே காவிரியிலிருந்து பிறந்த மின்சாரம் பெங்களூருக்கு முன்னர் நம் தங்கவயலுக்குத்தான் வந்தது என்பதை அன்று யார் யாருக்கு எடுத்துரைப்பது? அந்த அச்சத்தின் ஈரம் உலருமுன்னே, அதே பெட்டியில், அதே இருக்கையில், 49 என்னும் எண்ணைச் சொல்லிக் கன்னடத் தோழரும் தமிழ்த் தோழரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். தோற்றவர் இருவருமாதலின் ஏளனத்துக்கு இடமில்லை. வென்றுகொண்டிருந்த அணியாயின் இந்நெருக்கம் வாய்த்திருக்குமா என்பது ஐயமே. “ஈ சால கப் நம்தே” என்பது கன்னடத்து முழக்கம். இவ்வாண்டு கோப்பை நமதே என்று நாம் அதற்குப் பொருள் கூறவும் வேண்டுமோ? நம்தே, நமதே, ஓர் எழுத்துத்தான் இடையில்.

இனி 2025-க்கு வருவோம். இடைப்பட்ட ஆண்டுகளில் சொல்ல வேண்டியது, ஆடவர் எட்டாத கோப்பையைப் பெங்களூர்ப் பெண்கள் அணி தன் போட்டித்தொடரின் இரண்டாம் ஆண்டிலேயே, 2024 மார்ச்சில், வென்றது என்பது. தாய்மார்கள் இதை வீட்டில் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர் என்று கேள்வி.

2025-இல் வெளியூரெங்கும் வெற்றி. சேப்பாக்கத்திலும் 2008-க்குப்பின் முதன்முறையாக வெற்றி. அன்று தந்தைமார் சீக்கிரம் உறங்கச் சென்றனர். ஆனால் சொந்த மண்ணில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. குஜராத்துக்கு எதிராக 169, டெல்லிக்கு எதிராக 163. டெல்லியை வெற்றிக்கு அழைத்துச் சென்றவர் பெங்களூரில் பிறந்த கே. எல். ராகுல், 93 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஏப்ரல் 18-இல் மழை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தபின் பதினான்கு ஓவர் ஆட்டம் என்றனர். 42 ஓட்டத்துக்குள் எழுவர் வெளியேறினர். 49 மீண்டும் வந்ததோ என்று மூத்தவர்கள் கலங்கினர். டிம் டேவிட் தனித்து நின்று 26 பந்தில் 50 சேர்க்க, 95 ஆயிற்று. பஞ்சாப் அதை ஐந்து விக்கெட்டை இழந்து எட்டியது. தோற்ற அணியிலிருந்தவராயினும் ஆட்டநாயகன் விருது டேவிடுக்கே வழங்கப்பட்டது. முறையான தீர்ப்பு என்போம்.

மே 17-இல் மற்றொரு மழை. டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விடைபெற்ற கோலியைச் சிறப்பிக்க வெள்ளாடை உடுத்தி வந்தவர்கள், ஒரு பந்தும் காணாமல் நனைந்து திரும்பினர். அடுத்த ஆட்டம் மழைக்கஞ்சி லக்னோவுக்கு மாற்றப்பட்டது. இத்தனைக்கும் பின்னர், வெளியூர்ச் சுற்றாட்டம் ஏழிலும் வென்ற இவ்வணி, ஜூன் 3-ஆம் நாள் அகமதாபாத்தில் 190 எடுத்துப் பஞ்சாபை 184-இல் நிறுத்தியது. ஆறு ஓட்டம். 2009-இல் எதனால் இழந்தனரோ, அதே ஆறு ஓட்டத்தால் பதினெட்டாம் ஆண்டில் வென்றனர். கடைசிப் பந்து வீசப்படுமுன்னரே கோலியின் கண்கள் நிறைந்துவிட்டன. நம் வீடுகளிலும் பலருக்கு அவ்வாறே.

மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வெற்றி விழாவுக்கென்று சின்னசாமி அரங்கின் வாயில்களில் திரண்ட கூட்டத்தில் நசுங்கிப் பதினொருவர் மாண்டனர். முப்பத்தையாயிரம் பேருக்குரிய அரங்கை நோக்கி இரண்டு மூன்று இலக்கம் மக்கள் வந்ததாக முதலமைச்சர் கூறினார். மாண்டவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். அவர்களுள் தமிழ்நாட்டினரும் உண்டு. நீதியரசர் ஜான் மைக்கேல் டி’குன்ஹா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. குறைபாடுகள் யாருடையவை என்பதை அவ்வாணையம் ஆராய்ந்தது; நீதிமன்றமும் ஆராயட்டும். அன்று மாலை நம் காலனிகளில் எத்தனை தாய்மார் தொடர்வண்டி நிலையத்து மேடையில் நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தனர் என்பதை நாம் அறிவோம். சுரங்கத்தில் பாறை வெடித்து நிலம் அதிர்ந்த நாட்களில், சுரங்க வாயிலில் அப்படி நின்றவர்களின் மகள்களும் பேத்திகளும் அவர்கள்.

ஆதலின் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். இனி வரும் ஆண்டுகளில், முக்கியமான ஆட்ட நாட்களில் நம் சங்க மண்டபத்தைத் திறந்து, பெரிய திரை ஒன்று கட்டி, அனைவரும் ஒன்றாக அமர்ந்து காண ஏற்பாடு செய்ய வேண்டும். கன்னட, தெலுங்கு, உருது அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டும். சென்னைப் பக்கத்தார்க்குத் தனி வரிசை தேவையில்லை, மகனருகிலேயே அமரலாம். முதியவர்களுக்கு முன்வரிசை நாற்காலி. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்டார். ஜெனரேட்டர் வாடகைக்கு நன்கொடை தர இருவர் முன்வந்துள்ளனர். மழையால் ஆட்டம் நின்றால் என்ன செய்வது என்று செயலாளர் கேட்டார். மண்டபத்தில் கேரம் பலகைகள் இரண்டு இருக்கின்றன.