பழைய வெப்ளியைப் பிரித்துப் பூட்டும் கலை

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் செருகியிருந்த வெப்ளி ரிவால்வர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைச் செய்த பர்மிங்காம் நகரத்து வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் 1924-இல் ஒரு காற்றுக் கைத்துப்பாக்கியையும் கொண்டுவந்தது. அதில் வெடிமருந்துக்கு வேலையில்லை. ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அடைபட்ட காற்று, அவ்வளவே. அந்தக் காலத்து வெப்ளிகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி மறுபடி சுடவைப்பதில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்தில் இன்றும் உண்டு. அவர்களுடைய கைவேலையைத்தான் இன்று எடைபோடப் போகிறோம்.

வெப்ளியில் குழல் மேலே, காற்றறை கீழே. குழலின் பின்முனையைத் தூக்கி முன்பக்கம் மடக்கினால் பிஸ்டன் முன்னால் நகர்ந்து ஸ்பிரிங்கை இறுக்கும். விசையை இழுத்தால் அதே பிஸ்டன் சுடுபவரை நோக்கிப் பாயும்! நெருக்குண்ட காற்று சிறு துவாரம் வழியே மேலேறி ஈயக் குண்டை எதிர்த் திசையில் தள்ளும். சின்ன உடம்புக்குள் நீளமான குழலை அடக்க வெப்ளி நிறுவனத்தார் கண்ட வழி இது. நல்ல மூளை.

குண்டு இல்லை, ஸ்பிரிங் இறுகிய நிலையில் இல்லை என்று உறுதி செய்த பிறகே கைவைக்க வேண்டும். திருகாணியின் காடிக்குள் கச்சிதமாக உட்காரும்படி தீட்டிய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முன்பு கைவைத்தவரின் அவசரத்தைச் சிதைந்த திருகுத்தலையே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிங் ஓய்ந்திருப்பதாகத் தெரிந்தாலும் உள்ளே அழுந்தியே இருக்கும். காற்றறையின் முன்மூடியை அழுத்திப் பிடிக்காமல் கழற்றினால் கடைசிப் புரியில் அது துள்ளிப் பாயும். முகத்தை எதிரே வைக்கக்கூடாது.

உள்ளே பழைய கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகாய் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் கரைத்தெடுப்பவரே வேலை தெரிந்தவர். அடுத்து, குழல் வந்து பொருந்தும் இடத்திலுள்ள வாஷர். வேகம் குறைந்தது என்றதும் பலர் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கிறார்கள். காற்று ஒழுகுவதோ இந்த அற்ப வாஷர் வழியாக இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் ஆகாது. காற்று சட்டென்று அழுந்தும்போது சூடேறும். அறைக்குள் தேங்கிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். புகையும் சத்தமும் வரும், வேகமும் கூடும். அதைக் கண்டு பூரிப்பவர்கள் உண்டு. அடி வாங்குவது ஸ்பிரிங்கும் பிஸ்டன் வளையமும். கடினமான ஸ்பிரிங் போட்டு முறுக்கேற்றுவதும் இதே ரக ஆசைதான். இந்தத் துப்பாக்கி அட்டை இலக்கைச் சுடப் பிறந்தது, அதற்கு மேல் கேட்பது முறையல்ல.

வேலையின் தரத்தை எப்படி மதிப்பிடுவது? வேகமானி முன் வரிசையாகச் சில குண்டுகள் சுட்டுப் பாருங்கள். வேகம் அதிகமில்லாவிட்டாலும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் பூட்டியவர் கைதேர்ந்தவர். வெளிப் பளபளப்பை நம்பாதீர்கள். தேய்ந்த பழைய நீலப் பூச்சைச் சுரண்டிப் புதிதாக நீலமேற்றிய வெப்ளிக்குச் சேகரிப்பவர்களிடம் விலை குறைவுதான்.