பெயரிட மறுத்த சட்டம்



1726 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு. இலண்டன் ஹோல்பர்ன் பகுதியில் மார்கரெட் கிளாப் என்ற பெண் நடத்திவந்த வீட்டைக் காவலர்கள் சூழ்ந்தனர். ஆண்களை விரும்பும் ஆண்கள் அங்கே கூடுவது வழக்கம். குடித்தனர், ஆடினர், ஒருவரையொருவர் பெண் பெயரிட்டு அழைத்தனர், விளையாட்டாகத் திருமணமும் செய்துகொண்டனர். ஊரார் அவர்களை ‘மாலி’ என்று எள்ளினர். அன்று ஏறத்தாழ 40 பேர் பிடிபட்டனர். தொடர்ந்த வழக்குகளில் மே மாதம் மூவர் டைபர்னில் தூக்கிலிடப்பட்டனர். கேப்ரியல் லாரன்ஸ் பால்காரர். வில்லியம் கிரிஃபின் மெத்தை தைப்பவர். தாமஸ் ரைட் கம்பளி சீவுபவர். பிரபுக்கள் எவருமில்லை என்பதைத் தொழிலாளர் வாழும் வடசென்னை கவனிக்காமல் இராது.

அதே ஆண்டு செப்டம்பரில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சாசனம் சென்னைக்கு மேயர் நீதிமன்றத்தை வழங்கியது. ஆங்கிலச் சட்டம் இங்கே முறைப்படி வேரூன்றியது அதன்வழிதான். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகளே அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. சட்டமும் அவ்வழியே கரையேறியது.

இச்சட்டத்திற்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. தான் தண்டிப்பதை அது பெயர் சொல்ல நாணியது. கிறித்தவரிடையே பெயர் சொல்லத்தகாத குற்றம் என்றே பிளாக்ஸ்டன் எழுதினார். 1837இல் இந்தியத் தண்டனைச் சட்ட வரைவை அளித்த மெக்காலே, பொது விவாதம் எழுந்துவிடும் என்று அஞ்சி, இப்பிரிவுக்கு விளக்கக் குறிப்பே எழுத மறுத்தார். 1860இல் நிறைவேறி, 1862இல் நடைமுறைக்கு வந்த 377ஆம் பிரிவும் ‘இயற்கைக்கு மாறான’ என்று மூடலாகவே பேசியது. இராயபுரம் நிலையத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கி அதற்குள் ஆறாண்டு ஆகியிருந்தது.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது மற்றொன்று. மாலிகளின் பேச்சு இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றர் வாய்மொழியாலும் நீதிமன்றக் குறிப்பாலுமே. 1726இல் மூர்ஃபீல்ட்ஸில் சூழ்ச்சியால் சிக்கவைக்கப்பட்ட வில்லியம் பிரௌன், தன் உடலைத் தான் விரும்பியவாறு பயன்படுத்துவதில் குற்றம் ஏதுமில்லை என்றாராம். சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சொன்னவர் பகைவர். எத்தனை துணிவான சொல், எத்தகைய கையால் காக்கப்பட்டது!

இவ்விடத்தில் சிலர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் துணைக்கு அழைப்பர். அதற்குத் தேவையில்லை. அந்த நட்பு அதன் பெயரிலேயே நிற்கட்டும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்த உறவைக் குற்றமல்ல என்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். தமக்கு இப்பொருளில் அறியாமை உண்டென்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் தாமே சென்று அமர்ந்தவர் அவர். மாண்புடன் அழைக்கத் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்பதும் அவ்வழக்கில் எழ, 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. அந்நீதிமன்றமும் இராயபுரத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில், துறைமுகத்தை அடுத்தே நிற்கிறது.

சொற்பட்டியல் அரசிதழில் இருக்கிறது. தெருவில் இன்னும் ஏளனமாக ஒலிப்பது ‘ஒன்பது’. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவியரங்கிற்குத் தலைப்புத் தேடுவோர், அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு வரலாம்.